உப்பில் கரையாதவை

ஓர் அறிவியல் கட்டுரையை இலக்கியப் பிரதியைப் போல வாசிக்கலாமா? டிக்னம், லெபோவிட்ஸ், ரோடர் மூவரும் 1983இல் 'நியூக்ளிக் ஆசிட்ஸ் ரிசர்ச்' இதழில் எழுதியதை நான் அப்படித்தான் வாசிக்கிறேன். பாலூட்டிகளின் செல் உட்கருவிலிருந்து புரதங்களைப் பிரித்தெடுக்க வழி சொன்ன கட்டுரை அது. 'டிக்னம் முறை' என்றாலே போதும், ஆய்வகத்தில் புரிந்துகொள்வார்கள்.

பார்த்தால் சமையல் குறிப்பு மாதிரிதான் இருக்கும். ஹீலா செல்களை உப்புக் குறைந்த கரைசலில் 10 நிமிஷம் ஊறவிட்டால், தண்ணீரை இழுத்து உப்பிக்கொள்ளும். கண்ணாடிக் குழலில் போட்டு உலக்கையால் 10 தடவை இடித்தால் வெளிச்சவ்வு கிழியும், உட்கரு தப்பிவிடும். மையவிலக்கியில் சுழற்றி உட்கருவைப் பிரித்து, 0.42 மோலார் உப்புக் கரைசலில் கலக்குவார்கள். கடல்நீரைவிடக் கொஞ்சம் குறைவான உப்பு. டிஎன்ஏவோடு ஒட்டியிருக்கும் பல புரதங்கள் அதில் பிடியை விட்டுவிடும். மறுபடி சுழற்றி, மேலே தெளிந்து நிற்பதை எடுத்துக்கொள்ள வேண்டும். எல்லாமே குளிரில். இந்தத் தெளிவில் டிஎன்ஏவைச் சேர்த்தால், சோதனைக்குழாயிலேயே ஜீன் சரியான இடத்தில் தொடங்கி ஆர்என்ஏவாகப் படியெடுக்கப்படுகிறது.

எனக்குப் பிடித்தது இதன் நேர்மை. முன்பின் தெரியாத ஒருவர் செய்துபார்த்து, 'வரலையே' என்று மறுக்கும் அளவுக்கு எல்லா அளவுகளும் அதில் உண்டு. நம் விமர்சனங்களில் இது அபூர்வம். ஒரு நாவலை 'ஆழமானது' என்கிறோம். எந்த உப்பில் கரைத்து அந்த ஆழத்தைப் பார்த்தோம்னு சொல்றதில்லை.

ஆனால் 0.42 என்பதும் ஒரு தேர்வுதான். டிஎன்ஏ சுற்றியிருக்கும் மைய ஹிஸ்டோன்கள் அந்த உப்புக்கு அசையாது. வண்டலோடு கீழே தங்கிவிடும். வெகுகாலம் அவற்றை வெறும் நூல்கண்டாகவே பார்த்தார்கள். 1996இல் டேவிட் ஆலிஸ் குழு, ஹிஸ்டோனில் வேதிக்குறி இடும் நொதி ஒன்று, ஜீனை இயக்குவதாக ஏற்கெனவே அறியப்பட்ட புரதத்தின் உறவு என்று காட்டியது. வண்டல் பேச்சின் மையத்துக்கு வந்தது.

இன்னொரு வண்டல் 'ஹீலா' என்ற சொல்லிலேயே இருக்கிறது. ஹென்ரியட்டா லாக்ஸ், கருப்பை வாய்ப் புற்றால் 1951இல் 31 வயதில் இறந்த கறுப்பினப் பெண். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் அவர் கட்டியிலிருந்து செல்களை எடுத்தபோது, ஆய்வுக்குத் தருகிறீர்களா என்று யாரும் கேட்கவில்லை. செய்முறையில் அந்தப் பெயர் உப்பு, கிளிசரால் மாதிரி ஒரு பொருள். ரெபெக்கா ஸ்க்லூட்டின் 2010 புத்தகம்தான் அவரைப் பரவலான வாசகர்களிடம் கொண்டுவந்தது.

புத்தகத்துக்கு மனசு இருக்கு, கட்டுரைக்கு இல்லைனு சொல்வது சுலபம். எனக்கு அதில் உடன்பாடில்லை. கட்டுரை பொய் சொல்லவில்லை; தன் எல்லைக்குள் நிற்கிறது. தெளிவை மட்டும் முழுசு என்று நம்பினால் அது வாசிப்பவரின் கோளாறு. ஆனாலும், கரைசலுக்கு இத்தனை அளவு எழுதுகிறவர்கள், அந்தச் செல்கள் யாருடையவை என்றும் ஒரு வரி எழுதலாம். கட்டுரை ஒன்றும் நீண்டுவிடாது.