பாசத்தின் பெயரால் ஒரு பிரம்பு

‘அடிக்கிற கைதான் அணைக்கும்.’ வில்லியனூர், பாகூர்ப் பக்கம் எந்த மதத்து வீட்டிலும் இந்தப் பழமொழி செல்லுபடியாகும். கிறிஸ்தவ வீட்டிலோ இதற்கு விவிலியமும் துணைக்கு வருகிறது. பிரம்பை எடுக்கத் தயங்கும் தகப்பனுக்கு மகன்மேல் அன்பில்லை என்ற பொருளில் நீதிமொழிகள் 13:24 பேசுகிறது. அடிக்கு அன்பு என்று பெயர் வந்துவிடுகிறது.

இந்த வசனத்தை மென்மையாக்கிச் சொல்கிறவர்கள் உண்டு. இங்கே பிரம்பாக வருவதும் 23ஆம் திருப்பாடலில் ஆயனின் கோலாக வருவதும் எபிரேயத்தில் ஒரே சொல்தான். ஆயனின் கோல் ஆட்டை வழிநடத்தத்தானே என்பார்கள். கேட்க இதமாக இருக்கிறது. ஆனால் நீதிமொழிகள் 23:13, 14 அடிப்பதைப் பற்றி ஒளிவுமறைவின்றியே பேசுகிறது. நூலுக்கு வெள்ளையடிப்பதைவிட, அது யாருடைய குரல் என்று கேட்பதே நேர்மை. பெரும்பாலும் அது தகப்பன் மகனிடம் பேசும் குரல்.

மரபு அந்நூலைச் சாலமோன் பெயரில் தருகிறது. அவர் மகன் ரெகபெயாம் அரியணை ஏறியதும், தந்தையின் சவுக்கைவிடக் கொடியதைக் காட்டுவேன் என்று மக்களை மிரட்டினான். நாடு இரண்டாகப் பிளந்தது (1 அரசர்கள் 12). கோலின் வழி வந்தவனுக்குக் கோலைத் தவிர வேறு மொழி தெரியவில்லை.

நம் வீடுகளில் அந்தத் தகப்பனின் பிரம்பு பெரும்பாலும் தாயின் கைக்கு வந்துவிடுகிறது. பிள்ளை தவறினால் ‘வளர்த்த லட்சணம்’ என்ற பழி அவளுக்குத்தானே? வேறெங்கும் அதிகாரமில்லாத அவளுக்குக் கிடைத்த ஒரே அதிகாரமும் அதுதான். அடித்துவிட்டு, “பாசம் இருக்கிறதாலதான் அடிச்சேன்” என்கிறாள். எட்டு வயதில் இதைக் கேட்டு நம்பும் மகள், இருபத்தைந்தில் இதையே கணவன் சொல்லும்போது எப்படி மறுப்பாள்? நேசிப்பவருக்கு அடிக்க உரிமை உண்டு என்பதை நாமே அவளுக்குக் கற்றுக்கொடுத்துவிட்டோம்.

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 17ஆம் பிரிவில், பள்ளியில் உடல் தண்டனையையும் மன உளைச்சல் தருவதையும் தடுக்கிறது. வீட்டுக்கு அப்படி வெளிப்படையான தடை நம் நாட்டில் இல்லை. நேபாளம் 2018இல் வீட்டையும் சேர்த்தே தடை செய்தது.

நற்செய்தியிலும் கண்டிப்பு உண்டு. ஆனால் மாற்கு 10இல் இயேசு கோபித்துக்கொள்வது சிறுபிள்ளைகள்மீது அல்ல. அவர்களை வரவிடாமல் தடுத்த சீடர்கள்மீது. பிள்ளைகளை அவர் அணைத்துக்கொள்கிறார். அணைக்கும் கை அங்கே அடிக்கவில்லை.

அடிக்காமல் திருத்த நேரம் வேண்டும், பொறுமை வேண்டும். நாளெல்லாம் நடவு வயலில் குனிந்து நின்றுவிட்டு, பொழுது சாயும்போது அடுப்பு மூட்டுகிறவளிடம் அவை எங்கே மிச்சமிருக்கும்? ‘அன்பாகக் கண்டியுங்கள்’ என்று தாய்மாருக்கு மட்டும் சொல்லும் மறையுரை அவள் தலையில் இன்னொரு சுமையை ஏற்றுகிறது. பிள்ளைகளுக்குச் சினமூட்ட வேண்டாம் என்னும் எபேசியர் 6:4 தந்தையரை விளித்தே பேசுகிறது. நம் கோயில்களில் அதைத் தந்தையர் காதில் விழும்படி வாசித்தால் போதும்.