செம்பனையும் தோட்டக் கதைகளும்

மலேசியத் தமிழ்ப் புனைகதைமேல் பால்மரத்தின் நிழல் கவிந்திருப்பதைத் திறனாய்வாளர் எவரும் மறுக்கமாட்டார். அகிலன் தம் நாவலுக்குப் 'பால்மரக் காட்டினிலே' என்றே பெயர் சூட்டினார். மங்கு, காண்டா, ஒட்டுப்பால், நிரை, பெரட்டு முதலிய சொற்கள் தோட்டத்தையே காணாத வாசகர்க்கும் கதைகளின் வழியே பழகிவிட்டன. ஆயின் இந்நாட்டுத் தோட்டங்களில் பெரும்பகுதி செம்பனைக்கு மாறிப் பல பத்தாண்டுகள் சென்றுவிட்டன. கதைகளிலோ செம்பனை பெரும்பாலும் திரைச்சீலையாகவே தொங்குகிறது. பழைய வாழ்வு அழிந்ததற்கு அடையாளமாக வரும். இருளுக்கும் பாம்புக்கும் இடமாக வரும். அம்மரம் எவ்வாறு பூத்தது, அதன்கீழ் மனிதர் என்ன செய்தனர் என்பது வருவதில்லை. இது சிறு குறையன்று.

கேரித் தீவை எடுத்துக்கொள்ளலாம். கோலலங்காட் மாவட்டத்தில் லங்காட் ஆறு நிலத்தினின்று பிரிக்கும் அத்தீவு, கேரி என்னும் ஆங்கிலத் தோட்டக்காரரின் பெயரைத் தாங்கியது. மா மேரி மக்களின் ஊர்களும், அவர்தம் மரச்சிற்பக் கலையும் அங்குண்டு. செம்பனை ஆராய்ச்சி நிலையமும் உண்டு. எஞ்சிய நிலத்தின் பெரும்பகுதி செம்பனையே. அங்குச் சென்று திரும்பும் எழுத்தாளர் 'எங்கு நோக்கினும் பச்சை' என்று ஒரு வரி எழுதி அமைந்துவிடின், அவர் எதையும் பார்த்தவர் ஆகார்.

நம் ஊர்ப் பனையில் ஆண்பனை வேறு, பெண்பனை வேறு. திருவோத்தூரில் ஞானசம்பந்தர் ஆண்பனைகளைக் காய்க்கச் செய்தார் என்னும் வரலாறு இவ்வேறுபாட்டை அறிந்த மக்களிடையேதான் பிறந்திருக்க முடியும். செம்பனையோ அவ்வாறன்று. ஒரே மரம் சில காலம் ஆண்பூங்குலைகளையும், சில காலம் பெண்பூங்குலைகளையும் மாறிமாறி ஈனும். எனவே ஒரு மரத்தின் பெண்பூ பெரும்பாலும் வேறொரு மரத்தின் தாதுக்கே காத்திருக்கிறது. அது தாது ஏற்கும் காலம் இரண்டு மூன்று நாட்களே. வெண்ணிறச் சூல்முடி செந்நிறமாய்க் கருகியபின் வந்த தாது பயனற்றது.

காற்றே இத்தாதினைக் கொண்டுசெல்கிறது என்று நெடுங்காலம் நம்பினர். இங்கே காய்ப்பு குறைந்தபோது அவ்வேலையைத் தொழிலாளர் கையில் ஒப்படைத்தனர். ஆண்பூவிலிருந்து தாதினைத் திரட்டி உலர்த்தி, முகமாவு போன்ற வெண்தூளுடன் கலந்து, ஊதுகருவியில் இட்டு, மரந்தோறும் சென்று விரிந்த பெண்பூவின்மேல் ஊதுவர். பெண்கள் பலர் இவ்வேலை செய்தனர். பழந்தமிழ்ப் புலவர் வண்டினைத் தாது ஊதுவதாகவே பாடினர். அச்சொல்லாட்சியைக் கற்பிக்காத தமிழாசிரியர் இல்லை. வண்டின் தொழிலைத் தமிழ்ப்பெண்கள் கூலிக்குச் செய்த காலம் ஒன்று இந்நாட்டில் இருந்தது. அதைப் பாடிய கவிஞர் யார்? உவமையைப் போற்றிய மரபு, அவ்வுவமை உண்மையாய் நடந்தபோது காணாதிருந்தது வியப்பே.

பின்னர் அத்தொழிலை வண்டே திரும்பப் பெற்றது. மேற்கு ஆப்பிரிக்கக் கேமரூனில் செம்பனைக்குத் தாது சேர்ப்பது ஒரு சிறு கூன்வண்டு என ரஹ்மான் சையத் என்னும் பூச்சியியலறிஞர் நிறுவினார். யூனிலீவர் நிறுவனத்தின் முயற்சியால் 1981இல் அவ்வண்டு ஜொகூர் மாநிலத்துக் குளுவாங்கில் விடப்பட்டது; விரைவில் நாடெங்கும் பரவியது. காய்ப்புப் பெருகியது, கையால் ஊதும் வேலை ஓய்ந்தது. அவ்வண்டின் ஒழுகலாறோ அகப்பாடலுக்கு உரியது. ஆண்பூ சோம்பின் மணம் வீசி அதனை அழைத்து, உணவும் முட்டையிட இடமும் தருகிறது. பெண்பூ எதுவும் தருவதில்லை. அதே மணத்தை வீசி ஏமாற்றுகிறது. பழம்பாடல்களில் பூவிட்டுப் பூத் தாவும் வண்டு தலைவனின் பொய்ம்மைக்கு உவமை. இங்கே பொய்த்தது பூ.

'இஃது அறிவியல் பாடம்; இலக்கியத்துக்கு இது எதற்கு?' என்பார் உண்டு. தினைப்புனம் காத்தலும் கிளி ஓப்புதலும் உழவுநூற் செய்திகளா? அவ்வேலையின் நுணுக்கம் தெரிந்தமையால் அன்றோ குறிஞ்சிப் பாட்டுகள் உயிர் பெற்றன? உழைப்பை அறியாது உழைப்பாளியின் துயரை எழுதினால் அத்துயர் எல்லாக் கதையிலும் ஒன்றுபோலவே ஒலிக்கும். தோட்டக் கதைகளின் சலிப்புக்குக் காரணம் இதுவே. கோ. புண்ணியவானின் 'செலாஞ்சார் அம்பாட்' இவ்வகையில் தனித்து நிற்பது. பகாங்கில் 1980களில் தமிழர் கொத்தடிமைகளான உண்மை நிகழ்ச்சியைக் களமாகக் கொண்டமையால் அதன் கவனம் அடிமைத்தளையின்மேல் நிற்றல் இயல்பே. ஆனால் அடைக்கப்படாத நாட்களின் கதையும் எழுதப்பட வேண்டும். மட்டையை முதலில் வெட்டிப் பின் குலையைச் சாய்ப்பதும், தரையில் உதிர்ந்த பழங்களைக் கண்டு பழுத்த குலையை அறிவதும் கைவந்த கலைகள்.

வரலாற்றில் ஒரு விந்தையும் உண்டு. மலாயாவில் வணிக முறையில் முதற் செம்பனைத் தோட்டம் 1917இல் சிலாங்கூரில் அமைந்தது. அதன் பெயர் தென்னமரம், தமிழ்ச்சொல்லாகவே ஒலிக்கிறது. அதை நட்ட பிரெஞ்சுக்காரர் ஆன்றி ஃபொக்கொன்னியே, மலாயாவைக் களமாக்கி எழுதிய நாவலுக்கு 1930இல் பிரான்சின் கொன்கூர்ப் பரிசு பெற்றார். தமிழ்த் தொழிலாளர் அதில் உண்டு. தோட்டக்காரர் எழுதிவிட்டார், தோட்டத்தார் எழுதவில்லை.

1980இல் இருபது வயதில் தாது ஊதிய பெண்ணுக்கு இன்று அறுபத்தைந்துக்கு மேல். அவருடைய பேத்தி பள்ளியில் 'மகரந்தச் சேர்க்கை' என்று எழுதி மதிப்பெண் பெறுகிறாள். கட்டுரைத் தலைப்புத் தேடும் ஆசிரியர் அச்சிறுமியைப் பாட்டியிடமே அனுப்பலாம். அவ்வேலைக்குத் தோட்டத்தில் என்ன பெயர், தூளைக் கலந்தவர் யார், ஒரு நாளில் எத்தனை நிரை நடந்தார், மழை பெய்த நாளில் என்ன செய்தார், வேலை நின்ற பின் எந்த வேலைக்குப் போனார் என்று கேட்டு, பாட்டி சொன்ன சொற்களிலேயே எழுதிவரச் செய்யலாம்.