செப்பனிடலும் வேஷமும்

பழைய பொருளைச் செப்பனிடுவது வேறு, அதற்கு வேஷம் கட்டுவது வேறு. அம்மையார்குப்பத்தில் நண்பர் ஒருவர் தம் பாட்டனாரின் மரக் காமிராவைப் புதுப்பித்துக் காட்டினார். தேக்குக்கு வார்னிஷ், பித்தளைக்குப் புளி. இருட்டறையில் துருத்தியை விரித்து உள்ளே விளக்கைப் பிடித்தேன். மடிப்பு மூலைகளிலெல்லாம் நட்சத்திரங்கள்! அந்த ஓட்டைகளின் வழியே நுழையும் வெளிச்சம் படத்தைப் பாழாக்கிவிடும். மெல்லிய தோலை ஒட்டி அவற்றை அடைப்பதுதான் உண்மையான வேலை. பார்வைக்குத் தெரியாத வேலை, ஆகையால் நடக்கவில்லை. நூல் ஓடாத தறிக்கு மெருகு பூசினால் அவ்வூர் நெசவாளர் ஒப்புவாரா?

காமிராவுக்குப் பெருமை அது எடுக்கும் படம். 1858இல் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளை லின்னேயஸ் டிரைப் படமெடுத்து, 21 படங்களை ஒரே நீளமாக ஒட்டினார். அது இன்றும் இருக்கிறது. அவருடைய காமிரா மின்னிற்றா என்று யாரும் கேட்பதில்லை.