மூச்சு விடாத மோகனம்

எங்கள் ஊர் ரைஸ்மில்லில் பெல்ட் பழசு. ஒட்டுப் போட்ட இடம் சக்கரத்தில் ஏறும்போதெல்லாம் 'டக்' என்று ஒரு அடி. உத்திரமேரூர் ஏரிப் பாசனத்தில் அறுப்பு முடிந்தால் காலை முதல் இருட்டும்வரை இந்த 'டக்'தான். சரண்ஜித் சிங்கின் இசைத்தட்டை முதலில் கேட்டபோது எனக்கு அந்த மில்தான் ஞாபகம் வந்தது. குறையாகச் சொல்லவில்லை.

1982-ல் எச்.எம்.வி. வெளியிட்ட தட்டு அது. 'சிந்தசைசிங்: டென் ராகாஸ் டு எ டிஸ்கோ பீட்' என்று பெயர். சிங், பம்பாய் சினிமா ஆர்கெஸ்ட்ராக்களில் கிட்டாரும் கீபோர்டும் வாசித்தவர். 'குர்பானி' படம் வந்து இரண்டு வருஷம்; தேசமே டிஸ்கோவில் ஆடிக்கொண்டிருந்தது. அவர் மூன்று ரோலண்ட் கருவிகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். தாளத்துக்கு டிஆர்-808, பேஸுக்கு டிபி-303, ராகத்துக்கு ஜூபிட்டர்-8. தபலா கிடையாது, தம்பூரா கிடையாது. பத்து இந்துஸ்தானி ராகங்கள், ஒவ்வொன்றும் ஐந்து நிமிஷம் போல.

தட்டு போணியாகவில்லை. ஆடுவதற்கு வாங்கியவனுக்கு அதில் பாட்டு இல்லை. ராகம் கேட்க வாங்கியவனுக்கு அது இரைச்சல்.

இருபது வருஷம் கழித்து, 2002-ல், எடோ பௌமன் என்ற டச்சுக்காரர் டெல்லியில் ஒரு பிரதியைக் கண்டெடுத்தார். 2010-ல் தன் 'பாம்பே கனெக்‌ஷன்' நிறுவனத்தின் மூலம் மறுபடி வெளியிட்டார். மேல்நாட்டு விமர்சகர்கள் அசந்துபோனார்கள். சிகாகோவின் 'ஆசிட் ஹவுஸ்' இசை, ஃப்யூச்சர் குழுவின் 1987-ம் வருஷத் தட்டில் தொடங்கியது என்பது கணக்கு. அதே 303, அதே 808 ஐந்து வருஷம் முன்பே பம்பாயில் ஒலித்திருக்கிறது! இது யாரோ இப்போது செய்துவிட்டுப் பழைய தேதி போட்ட மோசடி என்றுகூடச் சிலர் சந்தேகப்பட்டார்கள். எழுபது வயதுக்கு மேல் சிங்குக்கு ஐரோப்பிய மேடைகள் கிடைத்தன. 2015-ல் மும்பையில் காலமானார்.

எனக்கு இந்தப் புகழ்ச்சியில் ஒரு மனத்தாங்கல் உண்டு. 'முன்னோடி' என்கிறார்கள். யாருக்கு முன்னோடி? சிகாகோ பையன்கள் இவரைக் கேட்டதே இல்லை. அன்றைக்குக் காது கொடுக்காமல் தள்ளினார்கள் என்றால், இன்றைக்கு நாள்காட்டியைப் பார்த்துக் கைதட்டுகிறார்கள்.

303 என்ற பெட்டியின் கதையும் சிங்கின் கதை மாதிரிதான். தனியாக கிட்டார் வாசிப்பவனுக்குப் பக்கத்துணையாக பேஸ் போடத்தான் அதைச் செய்தார்கள். விலைபோகவில்லை, 1984-லேயே தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள். செகண்ட் ஹேண்டில் மலிவாக வாங்கிய சிகாகோக்காரர்கள் அதன் திருகுகளைத் திருகி அலறவிட்டார்கள். சிங்கிடம் அந்த அலறல் குறைவு. அவர் பிடித்துக்கொண்டது வேறு ஒன்றை. அந்தப் பெட்டியில் ஒரு ஸ்வரத்துக்கு 'ஸ்லைடு' போட்டுவைத்தால், அடுத்த ஸ்வரத்துக்கு எட்டு வைத்துப் போகாது, வழுக்கிக்கொண்டு போகும். நம் வித்வான்கள் ஜாரு என்பார்களே, அதேதான். ஜூபிட்டரிலும் விரல் அப்படித்தான் இழைகிறது. பியானோ மாதிரி கட்டைகட்டையாக நிற்கும் கருவியில் அவர் தேடியது இந்த வழுக்கலைத்தான் என்று நினைக்கிறேன்.

பத்தும் பழுதில்லை என்று சொல்லமாட்டேன். ஐந்து ஸ்வர ராகங்கள் இந்த ஓட்டத்தைத் தாங்குகின்றன: பூபாளி என்கிற நம் மோகனம், மால்கௌன்ஸ் என்கிற ஹிந்தோளம், நம் ரேவதியை ஒத்த பைராகி. யமன்தான் பாவம். நம் கல்யாணிக்கு நெருங்கிய அந்த ராகத்துக்கு ஆற அமர உட்கார இடம் வேண்டும். இங்கே ஓடுகிற பஸ்ஸில் நின்றுகொண்டு சாப்பிடுகிற மாதிரி இருக்கிறது.

போன தை மாதம் மில்லில் காத்திருந்தபோது, நெல் அரைக்க வந்த வயசான நாயனக்காரர் ஒருவருக்குச் செல்போனில் பூபாளியைப் போட்டேன். காதில் வைத்துக்கொண்டார். அரை நிமிஷம்கூட ஆகவில்லை.

"மோகனம்."

"ஆமாங்கய்யா."

இன்னும் கொஞ்சம் கேட்டார். நெற்றி சுருங்கியது. "எங்க தம்பி மூச்சு வுடறான்?"

மிஷின் என்றேன். வாத்தியத்துக்கு மூச்சு வேண்டாம் என்றாலும் மோகனத்துக்கு வேண்டாமா என்றார். பதில் சொல்ல முடியவில்லை. இத்தனை வருஷத்தில் இந்தத் தட்டைப் பற்றி நான் கேட்ட ஒரே நேரான விமர்சனம் அது.

ஆனால் போனைத் திருப்பிக் கொடுக்கவில்லை. ஸ்பீக்கரில் போடச் சொல்லி மூட்டைமேல் வைத்தார். விரல் சாக்கில் தட்ட ஆரம்பித்தது. 808 ஒரு வேகம், மில் பெல்ட் ஒரு வேகம். இரண்டும் விலகி விலகிப் போய் எப்போதாவது ஒரு அடியில் ஒன்றாக விழுந்தன. அப்படி விழுந்த ஒருமுறை, கோயில் வாசலில் தவில்காரரைப் பார்க்கிற மாதிரி அவர் மில் சக்கரத்தைத் திரும்பிப் பார்த்துத் தலையை ஆட்டினார்.