நிலவிலிருந்து வீடு திரும்பும் பாதை: ரசிப்பது எப்படி?

விண்கலத்தின் பயணத்தை இயற்பியல் விதிகளுக்கு உட்பட்டுக் கணினித் திரையில் நிகழ்த்திக் காட்டும் மென்பொருள் சிமுலேட்டர் எனப்படும். இவ்வகையில் பரவலாக அறியப்பட்ட ‘கெர்பல் ஸ்பேஸ் புரோகிராம்’, மெக்சிகோ நகரில் இயங்கிய ஸ்குவாட் நிறுவனத்தால் 2011இல் முதன்முதலாகப் பொதுமக்களுக்கு வெளியிடப்பட்டு, 2015இல் முழுமையான பதிப்பாக வந்தது. இதில் மனிதருக்குப் பதிலாகக் கெர்பல்கள் என்னும் பச்சை நிறக் குட்டை உருவங்கள் கலம் ஓட்டுகின்றன. பூமியின் இடத்தில் 600 கி.மீ. ஆரமுள்ள கெர்பின் என்னும் கோளும், சந்திரனின் இடத்தில் 200 கி.மீ. ஆரமுள்ள ‘மன்’ என்னும் நிலவும் உள்ளன. மன் நிலவில் கால் பதிப்பதையே இவ்விளையாட்டின் உச்சம் என்று பலரும் கருதுகின்றனர். ஆனால் அங்கே இறங்கிய குழுவினரை உயிருடன் வீடு சேர்க்கும் திரும்பு பயணத்தில்தான் நுட்பமும் அழகும் மிகுதி. அதை ரசிக்கச் சில கணக்குகளை அறிந்திருத்தலும், எந்த நேரத்தில் கண்ணை எங்கே வைக்க வேண்டும் என்று தெரிந்திருத்தலும் தேவை.

கெர்பின் வானில் நீலப் பந்தாகக் கண்ணெதிரே தெரிவதால், கலத்தின் மூக்கை அதை நோக்கித் திருப்பி எஞ்சினை முடுக்கினால் போதும் என்றே புதியவர் எண்ணுவார். எண்ணியபடி செய்து பார்த்தால் எரிபொருள்தான் வீணாகும். மன் நிலவு கெர்பினை நொடிக்கு ஏறத்தாழ 543 மீட்டர் வேகத்தில் சுற்றி வருவதால், அதன் தரையில் அசையாமல் நிற்பதாகத் தோன்றும் கலமும் அதே வேகத்தில் பக்கவாட்டில் ஓடிக்கொண்டே இருக்கிறது. அந்தப் பக்கவாட்டு ஓட்டம் உள்ளவரை கலம் கெர்பினில் விழாது. அவ்வேகம் நொடிக்கு ஏறத்தாழ 170 மீட்டராகக் குறைந்தால்தான், ஏழு மணி நேரத்துக்குச் சற்று அதிகமாக விழுந்து, கலம் கெர்பினின் காற்றைத் தொடும். ஆகவே நிலவு கொடுத்த வேகத்தை உதறிவிட்டு வருவதே திரும்பு பயணத்தின் முழு வேலை என்றும், அதற்காகவே நிலவு ஓடும் திசைக்கு நேர் எதிர்த்திசையில் அதைவிட்டு வெளியேற வேண்டும் என்றும் புரிந்துகொண்டவருக்குத் திரையில் தெரியும் கோடுகள் எல்லாம் பொருள் உடையவை ஆகிவிடுகின்றன.

நிலவின் தரையிலிருந்து எழும்பித் தாழ்வான சுற்றுப்பாதையை அடைவது எளிதே. நொடிக்கு ஏறத்தாழ 580 மீட்டர் வேகமாற்றத்துக்குப் போதிய எரிபொருள் இருந்தால் சரி. அடுத்து நிகழும் எரியூட்டலே கவனித்துப் பார்க்க வேண்டிய இடம். அப்போது கலத்தின் வெளித்தோற்றத்தை விட்டு வரைபடக் காட்சிக்கு மாறிக்கொள்வது நல்லது. எஞ்சின் எரியத் தொடங்கியதும், நிலவைச் சுற்றியிருந்த வட்டக்கோடு ஒரு பக்கமாக நீண்டு, பிறகு அறுந்து, நிலவின் ஈர்ப்பு ஆதிக்க எல்லைக்கு வெளியே வேறு நிறத்தில் புதியதொரு கோடாகத் தொடரும். அப்புதிய கோடு கெர்பினுக்கு மிக அருகே வரும் இடம் அண்மைப்புள்ளி எனப்படும். அதன் உயரம் ஓர் எண்ணாகத் திரையில் தோன்றும். இனி அந்த எண் ஒன்றையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். முதலில் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர்களாகச் சரியும் அவ்வெண், கலம் தன் வேகத்தை உதற உதறச் சிறு சிறு படிகளாக இறங்கத் தொடங்கும். அனுபவமுள்ளவர் அந்நேரத்தில் எஞ்சினின் விசையைத் தணித்து, 200, 120, 60 என்று மெல்ல இறக்கி, 30 கி.மீ. அளவில் நிறுத்துவார். தாழ்வான சுற்றுப்பாதையிலிருந்து இத்தனைக்கும் செலவாகும் வேகமாற்றம் நொடிக்கு ஏறத்தாழ 300 மீட்டர் மட்டுமே. உதற வேண்டிய வேகமே நொடிக்கு 370 மீட்டர், அதோடு நிலவின் ஈர்ப்பையும் வெல்ல வேண்டும் என்னும்போது, 300 மீட்டர் எவ்வாறு போதுமானதாகிறது என்று வியப்பது இயல்பு. ராக்கெட் அறிஞர் ஹெர்மன் ஓபர்த்தின் பெயரால் வழங்கும் விளைவே அதற்கு விடை: கலம் நிலவை ஒட்டி விரைந்து செல்லும்போது எரிக்கப்படும் எரிபொருள், அது மெதுவாகச் செல்லும்போது எரிக்கப்படுவதைவிட மிகுந்த ஆற்றலைக் கலத்துக்குச் சேர்க்கிறது.

இந்த எரியூட்டலை எந்தப் பக்கத்தில் நிகழ்த்துவது என்பதில் மற்றொரு சுவை உண்டு. அப்பல்லோ கலங்கள் சந்திரனை அதன் சுழற்சிக்கு எதிர்த்திசையில் சுற்றியதால், வீடு திரும்புவதற்கான எரியூட்டல் பூமிக்குத் தெரியாத பின்பக்கத்தில் நிகழ வேண்டியதாயிற்று. 1968 டிசம்பர் 25 அன்று அப்பல்லோ 8 தன் எஞ்சினை இயக்கியபோது, கலம் பின்பக்கத்திலிருந்து வெளிவரும்வரை அது சரிவர எரிந்ததா என்று தரையில் இருந்தவர்களால் அறிய இயலவில்லை. சிமுலேட்டரிலும் நிலவை எதிர்த்திசையில் சுற்றும் பாதையைத் தேர்ந்துகொண்டால், எரியூட்டும்போது மறைந்திருந்த கெர்பின், அது முடிந்த பிறகு நிலவின் சாம்பல் நிற விளிம்புக்கு மேலே எழும் காட்சியைக் காணலாம். அக்காட்சிக்காகவே அந்தப் பாதையைப் பரிந்துரைக்கலாம்.

நிலவின் ஆதிக்க எல்லையைக் கடந்தபின் வரும் நீண்ட அமைதியைப் பெரும்பாலோர் காலத்தை விரைவுபடுத்தும் வசதியால் தாண்டிவிடுகின்றனர். அதற்கு முன் ஒரு சிறு சோதனையைச் செய்து பார்க்கலாம். அந்த உயரத்தில் கலத்தின் வேகத்தை நொடிக்கு 1 மீட்டர் மாற்றினாலே கெர்பினருகே அண்மைப்புள்ளி ஏறக்குறைய 7 கி.மீ. நகர்கிறது. எரிபொருள் தீர்ந்துபோன கலத்திலிருந்து ஒரு கெர்பல் வெளியே வந்து, முதுகில் உள்ள உந்துபையின் விசையால் கலத்தைத் தள்ளித் தள்ளி வீடு சேர்க்கும் தந்திரம் விளையாடுவோரிடையே பெயர்பெற்றதற்கு இதுவே காரணம். 1970 ஏப்ரலில் விபத்துக்குள்ளான அப்பல்லோ 13இன் குழுவினர், பூமியின் பகலும் இரவும் பிரியும் கோட்டைக் கொண்டு கலத்தின் திசையைச் சரிபார்த்து, 14 நொடி மட்டும் எஞ்சினை இயக்கித் தம் பாதையைத் திருத்திக்கொண்டதும் இதே கணக்கின்படியே ஆகும்.

கெர்பினின் காற்று 70 கி.மீ. உயரத்தில் தொடங்குகிறது. அங்கே கலத்தின் வேகம் நொடிக்கு 3,100 மீட்டரைத் தாண்டியிருக்கும். சந்திரனிலிருந்து மெய்யாகத் திரும்பும் கலம் நொடிக்கு ஏறத்தாழ 11 கி.மீ. வேகத்தில் பூமியின் காற்றில் நுழைவதோடு ஒப்பிட்டால் இது குறைவே எனினும், தவறுக்கு இங்கும் தண்டனை உண்டு. அண்மைப்புள்ளி மிக உயரத்தில் அமைந்தால் கலம் காற்றை உரசிக்கொண்டு மறுபடி வெளியே போய்விடும்; மிகத் தாழ்ந்தால் அடர்ந்த காற்றில் முழுவேகத்தோடு மோதும். எஞ்சின் பகுதியைக் கழற்றிவிட்டு, வெப்பக் கவசம் முன்னே இருக்குமாறு கலத்தைத் திருப்பியபின், கண்ணைத் திரையின் வலப்பக்கக் கீழ்மூலைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். குழுவினரின் முகங்கள் அங்கே சிறு சட்டங்களில் தெரியும். வெளியே தழல் சூழ்ந்து, கவசத்தின் மேற்பூச்சு கரைந்து வெப்பத்தை வாங்கிக்கொள்ளும் அந்நேரத்தில் குழுவிலுள்ள பாப், பில் என்னும் கெர்பல்கள் அஞ்சி விழிக்க, விமானி ஜெபடையா மட்டும் பல்லைக் காட்டிச் சிரித்துக்கொண்டிருப்பார். தழல் அடங்கி, வேகம் போதிய அளவு தணிந்த பிறகே பாராசூட்டை விரிக்க வேண்டும். அவசரப்பட்டால் அது கிழிந்து பறந்துவிடும்.

ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். இந்தச் சிமுலேட்டர் ஒரு நேரத்தில் ஒரே விண்பொருளின் ஈர்ப்பை மட்டும் கணக்கில் கொள்வதால், பல ஈர்ப்புகள் ஒருங்கே இழுக்கும் மெய்யான விண்வெளியின் நெளிவுகளை இதில் காண இயலாது. ஆயினும் சுற்றுப்பாதையின் அடிப்படையைக் கண்ணால் கண்டு கற்பதற்கு இதைப்போல் உதவும் மென்பொருள்கள் சிலவே. முதன்முறை குழுவினரைத் திருப்பிக் கொண்டுவருபவர், கடைசி 70 கி.மீ. பயணத்தையேனும் காலத்தை விரைவுபடுத்தாமல் முழுமையாகப் பார்க்க வேண்டும். கலம் கடலில் மிதக்கத் தொடங்கியதும் அதை மீட்பதற்கான பொத்தான் திரையின் மேற்புறத்தில் தோன்றும். அதை அழுத்திய பிறகுதான், நிலவில் கால் பதித்த அனுபவம் குழுவினரின் பெயரில் பதிவாகும்.