நூலிழையில் தப்பினார்களா?

"நடுவானில் என்ஜின் பழுது: விமானியின் சாமர்த்தியத்தால் பயணிகள் நூலிழையில் உயிர் தப்பினர்." விமானச் செய்திகளில் இந்த வாசகம் அச்சில் வார்த்தாற்போல் நிலைத்துவிட்டது. ஊரும் தேதியுமே மாறுகின்றன. மீனம்பாக்கத்தில் இறங்க வரும் விமானங்களை அன்றாடம் பார்க்கும் குன்றத்தூர் மாணவர்கள்கூட, "ஒரு என்ஜின் நின்றால் விமானம் விழுந்துவிடுமா, சார்?" என்றே கேட்கிறார்கள். விழாது. ஆகவே இந்த வாசகத்தின் சொற்களைச் சற்று உரசிப் பார்ப்போம்.

முதலாவது, 'நூலிழை'. இரு என்ஜின் ஜெட் விமானம், ஓடுபாதையில் 'முடிவு வேகம்' எனப்படும் வேகத்தை எட்டிய பின் ஒரு என்ஜினை இழந்தாலும், மற்றொன்றைக் கொண்டே மேலெழ வேண்டும் என்பது விதி. சக்கரங்களை உள்ளிழுத்த பின், ஒவ்வொரு 100 மீட்டர் முன்னேற்றத்துக்கும் குறைந்தது 2.4 மீட்டர் உயரவும் வேண்டும். இத்திறன் இல்லாத விமானத்துக்குப் பயணிகளை ஏற்ற அனுமதி கிடையாது. 2025 ஜூன் 12-ல் அகமதாபாத்தில் நேர்ந்த கோரத்துக்குப் பின் மக்கள் அஞ்சுவது இயல்பே. ஆனால் அங்கு இரு என்ஜின்களுமே உந்துவிசை இழந்தன. அது வேறு வகை.

'விமானம் திடீரெனத் தாழ்ந்தது' என்றும் எழுதுகிறார்கள். 10 கிலோமீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி தரைமட்டத்தில் உள்ளதில் மூன்றில் ஒரு பங்குதான். அங்கே ஒற்றை என்ஜினின் உந்துவிசை போதாது. எனவே அடர்ந்த காற்றுள்ள கீழ்மட்டத்துக்கு விமானி வேண்டுமென்றே இறங்குகிறார். ஒரு பக்கம் மட்டுமே உந்துவிசை இருப்பதால் விமானத்தின் மூக்கு பழுதான பக்கம் திரும்ப முயலும். நாம் பள்ளியில் படித்த திருப்புத்திறன்தான் இது. வாலிலுள்ள சுக்கானைத் திருப்பி அதை ஈடுசெய்கிறார்.

அடுத்தது, 'சாமர்த்தியம்'. இங்கே தேவைப்படுவது பெரும்பாலும் அவசரமின்மை. எந்த என்ஜின் பழுது என்பதை இரு விமானிகளும் சேர்ந்து உறுதி செய்த பிறகே அதை நிறுத்த வேண்டும். 1989 ஜனவரி 8-ல் இங்கிலாந்தில் கெக்வொர்த் அருகே ஒரு போயிங் 737-இன் இடது என்ஜின் பழுதாயிற்று. விமானிகள் நிறுத்தியதோ நல்ல நிலையிலிருந்த வலது என்ஜினை. 47 பேர் மாண்டனர்.

எல்லாவற்றிலும் பெரிய குறை 'என்ஜின் பழுது' என்ற சொல்லிலேயே இருக்கிறது. என்ஜின் நின்றுபோவது ஒன்று. என்ஜின் வெடித்துச் சிதறுவது வேறொன்று. இதை நமக்குக் கற்பித்திருக்க வேண்டியது 1976 அக்டோபர் 12. அன்று பம்பாயிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட இந்தியன் ஏர்லைன்ஸின் காரவெல் விமானத்தில், என்ஜினின் காற்றை அழுத்தும் பகுதியிலுள்ள வட்டத்தட்டு ஒன்று உலோகச் சோர்வினால் பிளந்தது. சிதறிய துண்டுகள் எரிபொருள் குழாயை அறுத்தன. தீ பற்றியது. ஹைட்ராலிக் திரவம் போயிற்று. அதனோடு கட்டுப்பாடும் போயிற்று. திரும்பி வந்த விமானம் ஓடுபாதையை எட்டுமுன் விழுந்தது. 95 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. அவர்களில் நடிகை ராணி சந்திராவும் ஒருவர். அவர் நடித்துக்கொண்டிருந்த 'பத்ரகாளி' படம் வேறொரு பெண்ணைக் கொண்டு முடிக்கப்பட்டது தமிழ்நாட்டில் பலருக்கும் தெரியும். அந்தத் தட்டு ஏன் பிளந்தது என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

கம்பியை மீண்டும் மீண்டும் வளைத்தால் ஒடிகிறதல்லவா? ஒவ்வொரு பயணத்திலும் வேகம் கூடிக் குறையும் தட்டிலும் நுண்ணிய விரிசல் அவ்வாறே வளர்கிறது. விசிறியின் அலகு ஒன்று முறிந்தால் என்ஜின் உறை அதைத் தடுத்துவிடும். முழு வேகத்தில் அலகை வேண்டுமென்றே முறித்து இதைச் சோதிக்கிறார்கள். தட்டே பிளந்தாலோ, அதன் கனமான துண்டுகளின் இயக்க ஆற்றலை உறை தாங்காது. அதனால்தான் தட்டுக்கு ஆயுள் வரையறுத்திருக்கிறார்கள். பார்வைக்கு நன்றாக இருந்தாலும், குறித்த எண்ணிக்கைப் பயணங்கள் முடிந்ததும் கழித்துவிட வேண்டும். ஒரகடம் தொழிற்சாலைகளில் உலோகத்தோடு பழகுகிறவர்களுக்கு இந்தக் கண்டிப்பின் அருமை எளிதில் விளங்கும்.

விமானிகளின் திறமையைக் குறைத்துச் சொல்வது நம் நோக்கமன்று. 1989 ஜூலை 19-ல் அமெரிக்காவின் சூ நகரில், தட்டு பிளந்து ஹைட்ராலிக் அமைப்புகள் மூன்றையுமே இழந்த டி.சி.10 விமானத்தை, எஞ்சிய இரு என்ஜின்களின் விசையைக் கூட்டியும் குறைத்துமே விமானிகள் ஓடுபாதைக்குக் கொண்டுவந்தனர். 296 பேரில் 184 பேர் பிழைத்தனர். 'சாமர்த்தியம்' என்ற சொல்லை இத்தகையோருக்கு வைத்துக்கொள்வோம்.

எல்லாவற்றுக்கும் அதையே எழுதுவதால் வரும் கேடு என்ன? எல்லோரும் தப்பிவிட்டார்கள் என்றதும் கேள்வியும் முடிந்துவிடுகிறது. உண்மையில் கேள்வி அங்கேதான் தொடங்க வேண்டும். 2018 மார்ச்சில் நம் நாட்டில் 11 ஏ320 நியோ விமானங்களைப் பறக்கவிடாமல் நிறுத்தினார்கள். அவை விழுந்ததனால் அல்ல. அவ்வகை என்ஜின்கள் பறக்கும்போது நின்றுபோனது ஏன் என்று கேட்டதனால்.

அடுத்த முறை இப்படிப்பட்ட செய்தியைப் படிக்கும்போது மூன்று விவரங்களைத் தேடுங்கள். உடைந்த பாகம் எது? துண்டுகள் உறைக்குள்ளேயே நின்றனவா? அந்தப் பாகத்தைக் கடைசியாகச் சோதித்தது எப்போது? இவை இல்லாவிட்டால், செய்தியாளர் விமானத்தை இறக்கிவிட்டார். செய்தியைச் சொல்லி முடிக்கவில்லை.