இடுப்பில் தெரியும் தாளம்

கெய்ரோவின் கல்யாணங்களில் ஆட வரும் பெல்லி டான்ஸ் குழுவினரைப் பார்ப்பவர்கள், பெரும்பாலும் உடையின் மினுமினுப்போடு நின்றுவிடுகிறார்கள். எனக்குப் பிடித்தது அவர்களுடைய கட்டுப்பாடு. இடுப்பு படபடவென்று அதிர்கிறது. தோளும் தலையும் அசைவதே இல்லை. அந்த அதிர்வு பிறப்பது முழங்கால்களில். ஒன்று மடங்க மற்றொன்று நிமிர, இடறாமல் மாறி மாறி நடக்கும் வேலை அது. உடலின் ஒவ்வொரு பகுதியையும் தனித்தனியாக ஆளப் பழகுவதற்கு வருஷங்கள் பிடிக்கும்.

கோப்பை வடிவ மேளத்தின் நடுவில் கனமாக 'தும்' விழும்போது இடுப்பு இறங்குகிறது; விளிம்பில் 'தக்' தெறித்ததும் சட்டென்று ஏறுகிறது. கட்டைவிரலிலும் நடுவிரலிலும் மாட்டிய 'சாகாத்' என்னும் சின்னப் பித்தளைத் தட்டுகள், நம் ஜால்ராவைப் போலவே கிணுகிணுக்கின்றன. காலுக்கு ஒரு கணக்கு, இடுப்புக்கு ஒரு கணக்கு, விரலுக்கு ஒரு கணக்கு. முகத்தில் சிரமத்தின் சாயலே கிடையாது. மேளம் அடங்கி நாணற்குழல் தனியே இழையும்போது, வேகத்தை விட்டுவிட்டு, வயிற்றில் மெல்ல மெல்ல அலை எழுப்புகிறார்கள். படபடப்பைவிட இந்த நிதானம்தான் கடினம். அடுத்த முறை பார்க்க வாய்த்தால், காதைத் தாளத்தில் வைத்துக்கொண்டு பாருங்கள். ஆடுபவரும் அந்தக் கச்சேரியில் ஒரு வாத்தியக்காரர்தான் என்பது புரியும்.